ஜெஃபர்சன் தேடிய எண்ணெய்

எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் ஓர் ஆலிவ் எண்ணெய்ப் பாட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக நிற்கிறது. கொழுப்புப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னதால் நான் வாங்கியது. அம்மா அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "உன் மருந்து" என்பாள். வெள்ளரிக்காய் நறுக்கினால் அதன் மேல் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. தோசைக்கல் பக்கம் அது வரக்கூடாது. அங்கே நல்லெண்ணெய்க் கிண்ணமும் பாதி வெட்டிய வெங்காயமும் மட்டும்தான்.

அந்தப் பாட்டிலின் கழுத்தில் ஒரு சின்ன அட்டை தொங்கியது. 'ஆலிவ் மரம் வானுலகம் தந்த மிக வளமான கொடை' என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். கீழே தாமஸ் ஜெஃபர்சன் என்று பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது. காலை வணக்கப் படங்களில் எந்த வாசகத்துக்குக் கீழேயும் அப்துல் கலாமையோ ஐன்ஸ்டைனையோ போட்டுவிடுகிற காலம் இது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய மனிதருக்கும் என் வெள்ளரிக்காய்க்கும் என்ன சம்பந்தம்? பொய்யாகத்தான் இருக்கும், பிடித்துவிடலாம் என்று தேட ஆரம்பித்தேன். பொய் இல்லை. 1787இல் தன் பழைய சட்ட ஆசிரியர் ஜார்ஜ் வைத்துக்கு எழுதிய கடிதத்தில் ஜெஃபர்சன் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ரொட்டியைக்கூட இதற்கு விலக்காகச் சொல்ல மனம் வரவில்லை என்றும் சேர்த்திருக்கிறார். சரி, தோற்றேன். ஆனால் அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அடுத்தடுத்த கடிதங்களைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் நெஞ்சில் மாட்டிய மீன்முள் மாதிரி இறங்காமல் நின்றுவிட்டது.

கோவேறு கழுதையில் ஒரு தூதர்

1787இல் ஜெஃபர்சன் பாரிஸில் அமெரிக்கத் தூதர். முந்தைய வருடம் செப்டம்பரில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தெற்கே எக்ஸ் நகரத்து ஊற்றுநீரில் கையை வைத்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, பிப்ரவரி 28ஆம் தேதி வண்டி ஏறினார். கைக்கு அந்த நீரால் பலன் இல்லை. ஆனால் மனிதர் ஊர் திரும்பவில்லை. புரோவான்ஸ், நீஸ், ஆல்ப்ஸ் மலை, டூரின், மிலான், ஜெனோவா என்று சுற்றிவிட்டு ஜூன் 10ஆம் தேதிதான் பாரிஸுக்கு வந்தார். மூன்று மாதத்துக்கும் மேல். வழி முழுக்க மண்ணின் நிறம், கூலி, ரொட்டி விலை, எந்த ஊரோடு எந்த மரம் நிற்கிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டே போயிருக்கிறார். நம் ஊர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, 'இங்கே என்ன போட்டிருக்கான் பாரு, சோளமா கம்பா' என்று விடாமல் கேட்டுக்கொண்டே வரும் பெரியவர்கள் உண்டு இல்லையா, அந்த ரகம்.

ஏப்ரலில் நீஸிலிருந்து கோவேறு கழுதை மேல் ஏறி தாந்த் கணவாயைக் கடந்தார். வெறும் பாறை. ஆனால் பாறை இடுக்கில் எங்கெல்லாம் கொஞ்சம் மண் தங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் சில ஆலிவ் மரங்கள், அந்த மரங்களை நம்பி ஒரு கிராமம். அதே நிலத்தில் தானியம் விதைத்தால் ஒரு குடும்பம்கூடப் பிழைக்காது என்று அவர் கணக்குப் போட்டார். ஜூலை மாதம் தெற்குக் கரோலினாவின் விவசாய வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டிரேட்டனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதையெல்லாம் கொட்டியிருக்கிறார். இந்த மரம் இல்லாவிட்டால் புரோவான்ஸிலும் ஜெனோவாவிலும் இப்போது இருக்கும் ஜனத்தில் பாதி, ஒருவேளை மூன்றில் ஒரு பங்குகூட, பிழைத்திருக்க முடியாது என்கிறார். மூன்று நான்கு பென்ஸுக்குக் கிடைக்கும் ஒரு பவுண்டு எண்ணெய் பல பவுண்டு இறைச்சிக்குச் சமம். ஏனென்றால் அது அத்தனை காய்கீரையை வாய்க்கு ருசியான சாப்பாடாக மாற்றிவிடுகிறது என்கிறார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதயம், கொழுப்பு, ஆயுள் என்றெல்லாம் அவர் பேசவில்லை. வெறும் கீரையை எப்படி ஏழையின் தொண்டைக்குள் இறக்குவது என்பதுதான் பேச்சு. அது எனக்குத் தெரிந்த பேச்சு. ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் மிளகாயும் போட்டு வதக்காவிட்டால் முருங்கைக்கீரை யார் வாய்க்குள் போகும்? என் பாட்டிலின் அட்டை அந்த வானுலக வாசகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஏழையை விட்டுவிட்டது.

இந்த மரம் ஏழைகள் மேல் பொழியும் அருளைக் கண்ணால் கண்ட சாட்சி நான், வேறு எந்தப் பயிரையும் நம் நாட்டுக்குக் கொண்டுவர இவ்வளவு ஆசை எனக்குள் மூண்டதில்லை என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். (அதே பயணத்தில் அவர் இத்தாலியின் நெல்லையும் விட்டுவைக்கவில்லை. பியட்மான்ட் பகுதியிலிருந்து விதைநெல்லை வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் தன் கோட்டுப் பைகளிலும் மேலங்கிப் பைகளிலும் கொள்ளுமட்டும் நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டினார். ஒரு நாட்டின் தூதர், பை முழுக்க நெல்லோடு. அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு அவரைப் பிடித்துப்போகிறது. பிடித்துப்போவதுதான் சிக்கலும்.)

சட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்

அந்தப் பயணத்தின் நடுவே, ஏப்ரல் 11ஆம் தேதி, நீஸிலிருந்து பிரெஞ்சு நண்பர் லஃபயெத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீயும் இதே போல உன் நாட்டைச் சுற்றிப் பார், ஆனால் யாருக்கும் தெரியாமல் போ என்று யோசனை சொல்கிறார். மக்களை அவர்கள் குடிசைகளுக்குள்ளேயே தேடிப் பிடிக்க வேண்டும், அவர்கள் சட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும், அவர்கள் ரொட்டியைத் தின்ன வேண்டும், களைப்பாறுகிற சாக்கில் அவர்கள் படுக்கையில் சாய்ந்து அது மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் அவர்கள் படுக்கையை மெத்தென்று ஆக்கவும், காய்கறி மட்டும் வேகும் அவர்கள் சட்டியில் ஒரு துண்டு இறைச்சி போடவும் வழி தேடுவாய் என்கிறார்.

இதை நான் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குப் படித்தேன். அவ்வளவு அழகான வரிகள். படித்து முடித்து விளக்கை அணைத்த பிறகுதான் அந்த முள் குத்த ஆரம்பித்தது. இதை எழுதியவர் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். அவர் பாரிஸில் இருந்தபோது அவருக்குச் சமைத்துப் போட்ட ஜேம்ஸ் ஹெமிங்ஸ் அவருடைய அடிமை. பிரெஞ்சுச் சமையலைக் கற்பிக்கவென்றே கூட்டிப் போகப்பட்டவர். வெர்ஜீனியாவில், மாண்டிசெல்லோ மலையில், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வரிசையாக அடிமைகளின் குடிசைகள் இருந்தன. ஆல்ப்ஸ் மலையில் முன்பின் தெரியாதவர்களின் சட்டிக்குள் எட்டிப் பார்த்த அதே கண்கள்.

ஜெஃபர்சனின் இரட்டை வாழ்க்கை எனக்கு முன்பே தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பொதுவாகத் தெரிவது வேறு, எண்ணெய் வழியாகத் தெரிவது வேறு என்பதை அடுத்த இரண்டு வாரத்தில் கண்டுகொண்டேன்.

500 கன்றுகள்

மரக்கன்றுகள் போய்ச் சேர்ந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மார்செய் துறைமுகத்திலிருந்து சார்ல்ஸ்டனுக்கு இரண்டு தவணையாகக் கிட்டத்தட்ட 500 எக்ஸ் ரக ஆலிவ் கன்றுகளை அனுப்பினார். 1800வாக்கில், துணைக் குடியரசுத் தலைவராக இருந்தபோது, தனக்குத்தானே ஒரு பட்டியல் எழுதினார். 'நான் பிறந்ததால் என் நாட்டுக்கு ஏதாவது நன்மை உண்டா என்று சில சமயம் என்னையே கேட்டுக்கொள்வேன்' என்று தொடங்குகிறது அது. அதில் விடுதலைப் பிரகடனம் இருக்கிறது, மத சுதந்திரச் சட்டம் இருக்கிறது, அவற்றோடு சரிசமமாக இந்த ஆலிவ் கன்றுகளும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து தருவித்த மேட்டுநில நெல்லும் உண்டு. வயலில் தண்ணீர் கட்டி நெல் விளைவிப்பதால் கரோலினாவின் கோடைக்காலம் காய்ச்சல் காலமாகிவிடுகிறது, இந்த நெல் வந்தால் அது மாறும் என்று நம்பினார். ஒரு நாட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை அதன் வேளாண்மையில் ஒரு பயனுள்ள செடியைச் சேர்ப்பதுதான், முதலில் தானியம், அதற்கு அடுத்தது எண்ணெய் என்று அங்கேதான் எழுதுகிறார். கன்றுகள் நன்றாகத் தழைத்திருக்கின்றன, அந்த மாநிலங்களின் ஆலிவ் விவசாயத்துக்கு அவைதான் வித்து என்றும் எழுதுகிறார்.

தழைக்கவில்லை. 1813இல் இன்னொருவருக்கு எழுதிய கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். 25 வருடத்துக்கு முன் அனுப்பினேன், உலகத்திலேயே சிறந்த ஆலிவ், இப்போது ஏதாவது மிச்சம் இருந்தால் அது தோட்டத்தில் வேடிக்கைப் பொருளாகத்தான் இருக்கும், ஒரு தோப்புகூட வைக்கவில்லை என்று. ஆலிவ் நல்ல காய்ப்புக்கு வர இருபது வருடம் ஆகும் என்று டிரேட்டனுக்கு அவரே எழுதியிருந்தார். இருபது வருடம் காத்திருக்கச் சொன்னால் யார் காத்திருப்பார்கள்? அதுவும் பருத்தி வருடா வருடம் பணமாகக் கொட்டத் தொடங்கிய காலத்தில். இதில் ஒரு விளையாட்டு என்னவென்றால், அதே காலத்தில் கண்டத்தின் அந்தக் கோடியில், அப்போது ஸ்பெயின் கையில் இருந்த கலிஃபோர்னியாவில், கத்தோலிக்கத் துறவிகள் தங்கள் மடங்களில் ஆலிவை நட்டு வேர்பிடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அது பிழைத்தது.

அவர் மட்டும் தன் சாலட்டுக்கு ஆலிவ் எண்ணெயை மார்செயிலிருந்து வரவழைத்துக்கொண்டே இருந்தார். மாண்டிசெல்லோவில் பிப்ரவரி தொடங்கி செப்டம்பர் வரை திங்கட்கிழமை தவறாமல் ஒரு விரற்கவசம் அளவு கீரை விதை விதைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விரற்கவசம் என்றால் தையல்காரர்கள் ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டிக்கொள்வது. அந்த இலைக்கு எண்ணெய் வேண்டாமா?

ஜனவரி 1808

இனித்தான் எனக்குத் தூக்கம் போன இடம். 1808 ஜனவரி 6ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் தன் விவசாய நண்பர் ஜான் டெய்லருக்கு எழுதுகிறார்: ஆப்பிரிக்கர்கள் ஜார்ஜியாவுக்கு ஒரு விதை கொண்டுவந்திருக்கிறார்கள், அதை 'பெனி' என்கிறார்கள், தாவரவியலார் 'செசாமம்' என்கிறார்கள். அதன் எண்ணெய் ஒரு பாட்டில் எனக்கு வந்தது. பலதரப்பட்ட விருந்தாளிகளுக்கு சாலட்டில் கலந்து கொடுத்தேன், ஆலிவ் எண்ணெய்க்கு இது சமம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

செசாமம். எள்!

நான் நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். மேடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அட்டை தொங்கும் பாட்டிலும், அம்மாவின் பிசுக்கேறிய எவர்சில்வர் தூக்கும். எள்ளின் தாவரவியல் பெயரிலேயே 'இண்டிகம்' இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் காட்டு எள்ளிலிருந்து பயிராக்கப்பட்டு, இங்கிருந்து உலகம் சுற்றப் போன விதை அது. நம் மொழியில் எள்ளின் நெய்தான் எண்ணெய். அப்புறம் தேங்காயிலிருந்து வந்தால் என்ன, மண்ணுக்கடியிலிருந்து வந்தால் என்ன, எல்லாவற்றுக்கும் எள்ளின் பெயரையே வைத்துவிட்டோம். ஆலிவ் எண்ணெய் என்று சொல்லும்போதே ஆலிவின் எள்-நெய் என்றுதான் சொல்கிறோம். இதை அம்மாவிடம் சொன்னால் 'உன் மருந்து' பட்டமும் போய்விடும் என்று பயந்து இன்றுவரை சொல்லவில்லை.

மார்ச் மாதம் தன் பேத்தி ஆனுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் விவரமாகச் சொல்கிறார். பல நாள் விருந்துகளில் ஒரு தட்டு சாலட்டில் இந்த எண்ணெயும் இன்னொரு தட்டில் ஆலிவ் எண்ணெயும் விட்டு வைத்தாராம், யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லையாம். ஒரு ஏக்கரில் 10 புஷல் விதை, ஒரு புஷலுக்கு 3 காலன் எண்ணெய். நம் கணக்கில் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 113 லிட்டர். சாலட்டுக்குப் போக மிச்சம் வீட்டுச் சமையலுக்கெல்லாம் ஆகும் என்கிறார். இருபது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. விதைத்து மூன்று நான்கு மாதத்தில் அறுக்கலாம். அதே கடிதத்தில் இதுவும் இருக்கிறது: கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் இதுவரை இதைப் பயிரிட்டது கறுப்பின மக்கள் மட்டும்தான். அவர்கள் இதை ரொட்டியில் சேர்த்துச் சுடுகிறார்கள், கீரையோடு வேகவைக்கிறார்கள், குழம்பைக் கெட்டியாக்குகிறார்கள்.

கீரையோடு வேகவைக்கிறார்கள். டிரேட்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஆலிவைப் புகழ்ந்த காரணமே அதுதானே! வெறும் கீரையைச் சாப்பாடாக்கும் கொழுப்பு, ஏழையின் சட்டிக்குள் போக வேண்டிய கொழுப்பு. அதைத் தேடி அவர் ஆல்ப்ஸ் ஏறினார், மார்செயில் கப்பல் பிடித்தார், 500 கன்று அனுப்பினார். அந்தக் கன்றுகள் சார்ல்ஸ்டனில் இறங்கும்போது, அதே கரோலினாவில், அடிமைகளின் கொல்லைத் துண்டு நிலங்களில் எள் பூத்துப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. யாரும் கழகம் வைத்துக் கொண்டுவரவில்லை. எதையும் எடுத்து வர முடியாத நிலையில் கப்பலேற்றப்பட்டவர்களோடு எப்படியோ கடல் தாண்டி வந்து, வேலை நேரம் போக மிச்சம் கிடைத்த நேரத்தில் விதைக்கப்பட்டது. அவருக்கு அது தெரியவந்தது, முன்பு ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்த ஜான் மில்லெட்ஜ் அதைப் பாட்டிலில் அடைத்து அனுப்பிய பிறகு, சாப்பாட்டு மேசை வழியாக. சட்டி வழியாக இல்லை.

'வித்தியாசமே தெரியவில்லை' என்று தீர்ப்புச் சொன்ன விருந்தாளிகளை நினைத்துப் பார்க்கிறேன். குடியரசுத் தலைவர் மாளிகைச் சமையலறையில் பிரெஞ்சுச் சமையல்காரர் ஒனோரே ஜூலியனிடம் அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்தவர் இடித் ஃபோசெட் என்ற பெண், மாண்டிசெல்லோ அடிமை. ஜெஃபர்சன் 1826இல் கடனோடு செத்தபோது, அவர் உயிலின் மூலம் விடுதலை பெற்ற ஐந்து பேரில் இடித்தின் கணவர் ஜோ ஃபோசெட் ஒருவர். இடித்தும் பிள்ளைகளும் அதில் இல்லை. ஏலம் போட்டார்கள். ஜோ தன் மனைவியைக் காசு கொடுத்து மீட்க வேண்டியிருந்தது.

ஜெஃபர்சன் எள்ளை விதைத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். 1809 முதல் வருடக்கணக்காக முயன்றார். வெர்ஜீனியாவில் பனி சீக்கிரம் விழுந்துவிடும், விளைச்சல் சரியில்லை, பிழிவதும் பெரும்பாடாக இருந்தது. நம் ஊர்ச் செக்கும் ஒரு ஜோடி மாடும் செக்கு ஓட்டத் தெரிந்த ஓர் ஆளும் இருந்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. செக்கு ஓட்டியவர்களை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், ஊரில் எங்கே உட்கார வைத்தோம், அவர்கள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று எத்தனை வீட்டில் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நம் வீட்டு எண்ணெயும் யாருடைய சட்டியையோ பார்க்காமல்தான் வந்திருக்கிறது.

நான் செய்த விருந்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெஃபர்சனின் சோதனையை நானும் செய்து பார்த்தேன். இரண்டு கிண்ணம் வெள்ளரி, ஒன்றில் என் மருந்து, இன்னொன்றில் நல்லெண்ணெய். அக்கா, மச்சான், பையன்கள் இரண்டு பேர் நடுவர்கள். சோதனை அரை நிமிடம்கூட நடக்கவில்லை. கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தபடியே, "எவன்டா வெள்ளரிக்காயில நல்லெண்ணெய ஊத்தினது?" என்றாள். எங்கள் எண்ணெய் கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டியது; வாசம் மூடியைத் திறந்ததும் தெருவுக்குப் போய்விடும். கருப்பட்டி இல்லாமல், வறுக்காத எள்ளைப் பிழிந்தால் எண்ணெய் வெளிறி, மணம் அடங்கி இருக்கும். 1808இல் வாஷிங்டன் மேசைக்கு வந்தது அந்த மாதிரி எண்ணெயாக இருந்தால்தான் அவர்கள் ஏமாந்திருக்க முடியும்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் சித்தி பையன் வந்தான். தெற்கே எங்கேயோ கல்யாணத்துக்குப் போன இடத்தில் வாங்கியது என்று ஒரு பொட்டலம் கொடுத்தான். நாணயம் அளவு, இலை மாதிரி மெல்லிய பிஸ்கட், மேலெல்லாம் எள். பொட்டலத்தில் 'பென்னே வேஃபர், சார்ல்ஸ்டன்' என்று இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் அரை மணி நேரம் பேசினேன், பாவம். மேற்கு ஆப்பிரிக்க வொலோஃப் மொழிச் சொல் அது, அடிமைகளோடு வந்து இன்னும் அந்த ஊர்க் கடைகளில் அதே பெயரில் விற்கிறது, ஜெஃபர்சன் அனுப்பிய ஆலிவ்தான் அங்கே ஒரு தோப்புக்கும் தேறவில்லை என்றெல்லாம். அவன் தலையை ஆட்டிக்கொண்டே ஃபோனைப் பார்த்தான்.

அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னொன்றும் எடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எள்ளை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்."